தம்பி தனியாகப் போய்வர: ஆட்டோ, மெட்ரோ, டவுன் பஸ்

மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சையில் இருக்கும் என் தம்பி, சென்னையில் ஒரு பகல்நேர மறுவாழ்வு மையத்துக்குப் போய்வருகிறான். துணையில்லாமல் போகவேண்டும் என்பது அவன் ஆசை. மூன்றையும் பார்த்துவிட்டு டவுன் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தோம்.

ஆட்டோ வாசலுக்கே வரும், கூட்டமும் இல்லை. ஆனால் ஆப்பில் புக் செய்தால் தினம் ஒரு புது முகம். ஓட்டுநர் டிராஃபிக்கைத் தவிர்க்கச் சந்துக்குள் திருப்பினால் போதும், "எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று பதறிவிடுவான். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தள்ளாடும் நாளுக்கு மட்டும் ஆட்டோ.

மெட்ரோ நேரத்துக்கு வரும், அடுத்த நிலையத்தையும் அறிவிக்கும். நுழையும்போது பையையும் உடம்பையும் சோதிப்பதுதான் அவனுக்கு ஒத்துவரவில்லை. அது உறுத்தாதவர்களுக்கு மெட்ரோவே மேலாக இருக்கலாம்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: நினைத்த இடத்தில் இறங்க முடிவது. சத்தமும் நெருக்கமும் தாங்காமல் நெஞ்சு படபடத்தால், பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாம். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம், காசும் வீணில்லை. நிழற்குடையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "அடுத்த பஸ்ல வரேன்" என்று எனக்கு மெசேஜ் போட்டுவிட்டு ஏறிக்கொள்வான். இறங்கலாம் என்று தெரிந்திருப்பதாலேயே பல நாள் இறங்காமல் போய்ச் சேர்கிறான். ராத்திரி மாத்திரையின் தூக்கம் காலையிலும் விடாது. நின்றுகொண்டு போக முடியாததால், உட்கார இடம் கிடைக்கும் பத்து மணிக்கு மேல்தான் கிளம்புகிறான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் சேர்த்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்பவருக்கும் டிக்கெட் இலவசம். பழக்கிவிட இது பெரிய உதவி. முதலில் பக்கத்தில் உட்கார்ந்தேன், பிறகு பின்சீட்டில், பிறகு அவன் மட்டும்.

"கை கால் நல்லாத்தானே இருக்கு?" என்று சீட்டுக்காகக் கேட்கும் பயணிகள் உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கண்டக்டரிடம் காட்டினால் போதும், மற்றவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

இருட்டிய பிறகு தனியாகத் திரும்பும் பெண்களுக்கு இதையே சொல்ல எனக்கு அனுபவம் போதாது. பஸ்ஸை யோசிப்பவர்கள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். மனநோய்க்குச் சான்றிதழைத் தற்காலிகமாகத் தருவதும் உண்டு. அப்படியானால் முடியும் தேதியைக் குறித்துவைத்து, அதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள்.