படிக்கட்டா, சங்கிலியா: லெகோ பந்து இயந்திரத்துக்கு எந்த ஏற்றம் பொருந்தும்?

லெகோ கட்டைகளையும் மோட்டாரையும் கொண்டு பந்துகளை ஓயாமல் நகர்த்தும் இயந்திரங்களைக் கட்டுவோர், அதற்கு கிரேட் பால் கான்ட்ராப்ஷன், சுருக்கமாக ஜிபிசி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவர் கட்டிய மாட்யூல், அதாவது தனித்து இயங்கும் ஒரு பகுதி, தன் கூடையில் விழும் பந்துகளைத் தனக்கே உரிய வழியில் கொண்டுபோய், அடுத்தவர் கட்டிய மாட்யூலின் கூடையில் போட வேண்டும். முன்பின் அறியாத இருவரின் இயந்திரங்கள் ஒரே மேசையில் இணைந்து ஓடுவதற்குக் காரணம் ஸ்டீவ் ஹாசன்பிளக் வகுத்த எளிய விதிமுறை. கூடையின் வெளியளவு 10-க்கு 10 குமிழ் (கட்டையின் மேலுள்ள சிறு வட்டப் புடைப்பு), உயரம் 10 கட்டை. அதாவது 80 மில்லிமீட்டர் சதுரம், 96 மில்லிமீட்டர் உயரம். சராசரியாக நொடிக்கு 1 பந்தை வாங்கிக் கடத்த வேண்டும். மொத்தமாகக் கொட்டுவதானால் ஒரு தடவைக்கு 30 பந்துகளைத் தாண்டக் கூடாது.

அடுத்த கூடையின் விளிம்பு 96 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதால், அடியில் கிடக்கும் பந்தை மேலே ஏற்றுவதே எந்த மாட்யூலுக்கும் தலையாய வேலையாகிறது. அதற்குப் பலரும் நாடும் வழிகளில் இரண்டு, படிக்கட்டு ஏற்றமும் சங்கிலி ஏற்றமும். இரண்டையும் கட்டி ஓட்டிப் பார்த்த நான், பிறர் மாட்யூல்களோடு சேர்த்து நாள் முழுதும் ஓட்டுவதற்குப் படிக்கட்டையே பரிந்துரைப்பேன்.

படிக்கட்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த இரண்டு படித் தொகுதிகள், மோட்டார் சுழற்றும் வளைந்த அச்சான கிராங்க்கின் சுழற்சிக்கேற்ப எதிரெதிராக ஏறி இறங்குகின்றன. ஒரு படி உயர்ந்து அடுத்த படியின் மட்டத்தைத் தொடும்போது, சரிவான அதன் மேற்பரப்பிலிருந்து பந்து தானாகவே உருண்டு அடுத்த படிக்குப் போய்விடுகிறது. கிராங்க்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரிசைப் பந்து மேலே சேரும் என்பதால், கணக்கைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். லெகோவின் சிறிய கால்பந்தின் விட்டம் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். ஆகவே 2 குமிழ் அகலம், அதாவது 16 மில்லிமீட்டர், ஒரு பந்துக்குப் போதும். 4 குமிழ் அகலத்தில் கட்டினால் வரிசைக்கு 2 பந்துகள். சுமையின்றி நிமிடத்துக்கு ஏறக்குறைய 220 சுற்று சுழலும் லெகோவின் எக்ஸ்எல் மோட்டாரில் 8 பல் சக்கரத்தையும் 40 பல் சக்கரத்தையும் கோத்தால், கிராங்க் 44 சுற்று சுழலும். வரிசைகள் நிரம்பி வந்தால் நிமிடத்துக்கு 88 பந்துகள். சுமையால் வேகம் சற்றுக் குறைந்தாலும் விதி கேட்கும் 60 கைக்குள் இருக்கும். ஒரு தொகுதி இறங்கும்போது அதன் எடை மற்றொன்று ஏறத் துணை நிற்பதால் மோட்டாரும் திணறுவதில்லை.

அதன் குறைகள் சிறியவை, ஆனால் பிடிவாதமானவை. நான் முதலில் கட்டியதில் மூன்றாம் படியின் விளிம்புக்கு வந்த பந்து, உருளாமல் அங்கேயே நின்று படியோடு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. படியின் பின்புறத்தை ஒரு பிளேட் (மெல்லிய தட்டைக் கட்டை), அதாவது 3.2 மில்லிமீட்டர், உயர்த்தியதும் பந்து தயங்காமல் உருண்டது. கூடையில் பந்துகள் ஒன்றையொன்று தாங்கி வளைவுபோல் நின்றுவிடுவது மற்றொரு சிக்கல்; முதல் படியே குவியலின் அடியிலிருந்து அசைந்து எழும்படி அமைத்தால் அந்த வளைவு நிலைக்காது.

சங்கிலி ஏற்றம் கண்ணுக்கு இதைவிட அழகு என்பதை நான் மறுக்க மாட்டேன். லெகோவின் டெக்னிக் வகைச் சங்கிலிக் கண்ணிகளில் சிறு கரண்டிகளைப் பொருத்தி, பந்துகளைச் செங்குத்தாகவே தூக்கலாம். இடமும் குறைவு, ஓசையும் குறைவு. ஆனால் முன்னாலிருக்கும் மாட்யூல் 30 பந்துகளை ஒரே மூச்சில் கொட்டும்போது, கரண்டி குவியலுக்குள் புகுந்து ஒரு பந்தைக் கூடைச் சுவரோடு நெரிக்கும். அப்போது மோட்டார் நிற்காது. இறுகும் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி திறந்து, சங்கிலி முழுவதும் கூடைக்குள் சரியும். இதைத் தவிர்க்க, 2.5 முதல் 5 நியூட்டன் சென்டிமீட்டர் என்று தன் மீதே அச்சிடப்பட்ட வெள்ளை நிற 24 பல் கிளட்ச் சக்கரத்தை இடையில் வைப்பது கட்டாயம் என்பேன். அது நழுவிக் கொடுப்பதால் சங்கிலி தப்பிக்கும். நெரிந்த பந்தை எடுத்துவிட ஆள் அருகில் நிற்க வேண்டும் என்பது மட்டும் மாறாது.

வடிவமைப்பைப் பிறரோடு பகிர்தலிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஜப்பானைச் சேர்ந்த அகியுகியின் மாட்யூல்கள் காணொளிகள் வழியாகவே உலகெங்கும் புகழ்பெற்றன. அவற்றில் சிலவற்றைப் பிற ஆர்வலர்கள் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மறுபடி கட்டி, வழிகாட்டிகளும் தயாரித்தார்கள். இன்று அவ்வளவு பாடு தேவையில்லை. லெகோ மாதிரிகளைக் கணினியில் வரைய 1995-ல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் உருவாக்கிய எல்டிரா வடிவத்திலோ, ஸ்டூடியோ மென்பொருளிலோ மாதிரியை வரைந்து, அந்தக் கணினிக் கோப்பையே கொடுத்துவிடலாம். படிக்கட்டின் உறுப்புகள் அனைத்தும் குமிழ்க் கணக்கில் அமர்பவை. கோப்பில் இருப்பதே மேசையிலும் இருக்கும். சங்கிலியின் தொய்வோ கையால் உணர்ந்து சரிசெய்ய வேண்டிய ஒன்று. ஒரு கண்ணி கூடினால் சக்கரப் பல்லிலிருந்து நழுவும், ஒன்று குறைந்தால் அச்சு வளையும். வரைபடத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

உயரம் மிகுந்தால் மட்டும் என் தேர்வு மாறும். முழங்கை நீளத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால், படிகளும் அவற்றைத் தாங்கும் சட்டங்களும் பெருகி மேசையை அடைத்துவிடும். அங்கே சங்கிலிதான் சரி. அப்படிக் கட்டிப் பகிர்வோர், கண்ணிகளின் சரியான எண்ணிக்கையைக் கோப்பிலேயே எழுதி, சங்கிலி இறங்கும் பக்கத்தை அருகிலிருந்து எடுத்த சிறு காணொளியையும் சேர்த்துக் கொடுத்தால், அதைப் பார்த்துக் கட்டுபவர் தொய்வைக் கண்ணால் ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ள முடியும்.