ஐ.டி.ஐ.யா, குறுகிய காலப் பயிற்சியா?

காரைக்குடிப் பக்கம் பள்ளி முடித்த பிள்ளைகளின் வீடுகளில் எழும் கேள்வி இது. இரண்டுக்கும் அரசுப் பணம்தான். சான்றிதழின் மதிப்புதான் வேறு.

அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் படிக்க 2 ஆண்டுகள். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. முடித்தபின் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழை ரயில்வே ஏற்கிறது. நம்மூர் சிக்ரியின் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) டெக்னீசியன் பணிக்கும் ஐ.டி.ஐ. தகுதிதான் கேட்கிறார்கள். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம்.

வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் சில வாரங்களில் தையலோ செல்போன் பழுதுபார்ப்போ கற்கலாம், சாப்பாடும் இலவசம். கடன் கேட்கும்போது அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும், ஐ.டி.ஐ.க்கு ஈடாகாது.

சொந்தக் கடை வைக்க நினைக்கும் அக்காவுக்கு அது போதும். பள்ளி முடித்த பிள்ளையை அதோடு நிறுத்த எனக்கு மனம் வராது. ஐ.டி.ஐ.யில் சேருமுன், அந்தத் தொழிற்பிரிவுக்கு, தேசியத் தொழிற்சான்றிதழுக்குத் தேவையான என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.