ஆக்கனா, ஜெனீவாவா, கால்கரியா: ஒரே ஒரு தடவை போவதானால்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் ஒரு வருடமாக ஓடும் பேச்சு இது. மகள் தேவனஹள்ளிப் பக்கம் குதிரையேற்றம் பழகுகிறாள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது பெரிய சர்வதேச ஷோ ஜம்பிங் (குதிரையில் தடை தாண்டும்) போட்டியை அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று காசு சேர்க்கிறோம். எங்கே போவது?

கையில் இருக்கும் பெயர்கள் மூன்று. ஜெர்மனியின் ஆக்கன், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா, கனடாவின் கால்கரி நகரத்து ஸ்ப்ரூஸ் மெடோஸ். ஷோ ஜம்பிங்கின் பெரிய போட்டிகளைச் சேர்த்த ரோலெக்ஸ் கிராண்ட் ஸ்லாம் 2013ல் இந்த மூன்றை வைத்துத்தான் தொடங்கியது. ஹலோ சான்க்டோஸ் என்ற ஒரே குதிரையோடு மூன்றையும் அடுத்தடுத்து வென்று முதலில் சாதித்தவர் பிரிட்டன் வீரர் ஸ்காட் பிராஷ்: 2014 டிசம்பரில் ஜெனீவா, 2015ல் ஆக்கன், அதே வருட செப்டம்பரில் கால்கரி. தடைகளின் உயரம் மூன்றிலும் ஒன்றுதான், 1.60 மீட்டர் வரை. மாறுவது தரையும் இடமும்.

ஜெனீவா டிசம்பரில், கூரைக்கு அடியில் நடப்பது. 1926ல் தொடங்கிய போட்டி. வெயில், மழைக் கவலை இல்லை என்பதால் மனைவியின் ஓட்டு இதற்கு. அவள் சொல்வதில் நியாயம் உண்டு. குதிரையின் பின்னங்கால் குளம்பு தடையின் கம்பில் உரசும் சத்தம் இருக்கிறதே, அது உள்ளரங்கில் தெளிவாகக் கேட்கும். பயிற்சி மைதானத்தில் வேலியோரம் நின்று நான் கேட்டிருக்கிறேன்: 'டொக்' என்று ஒரு தட்டு, கம்பு தன்னைத் தாங்கும் கிண்ணத்துக்குள் உருளும், விழுமா விழாதா என்று மூச்சு நின்றுவிடும். விழுந்தால் 4 பெனால்டி புள்ளி. மைதானம் அடைப்புக்குள் இருப்பதால் வளைவுகளும் நெருக்கம். போட்டிக்கு முன் வீரர்கள் நடந்தே தடைகளுக்கு நடுவில் எட்டு வைத்து அளப்பார்கள். மனிதனின் நான்கு எட்டு, குதிரையின் ஒரு பாய்ச்சல். அந்தக் கணக்கு தப்பினால் சரிசெய்ய உள்ளரங்கில் இடம் கிடைப்பது கஷ்டம்.

ஆனாலும் என் மனசு ஆக்கனில்தான். 1924லிருந்து நடக்கிறது. திறந்தவெளி, பச்சைப் புல், 40,000 பேர் உட்காரும் அரங்கம். குதிரை கால் நீட்டி ஓடி வந்து சுமார் 4 மீட்டர் அகல நீர்த்தடையைத் தாண்டுவதைப் பார்க்க அப்படிப்பட்ட பரப்பு வேண்டும். நீர்த்தடையில் உயரம் பிரச்சினையே இல்லை, அக்கரையில் வைத்திருக்கும் வெள்ளைப் பட்டையைக் குளம்பு தொட்டால் போச்சு. முக்கியப் போட்டியான கிராண்ட் பிரீயும் இரண்டு சுற்று, அதற்கப்புறம் சமநிலை வந்தால் ஜம்ப் ஆஃப் என்ற முடிவுச் சுற்று. ஒரு சுற்றில் அதிர்ஷ்டம் கைகொடுக்கலாம். இரண்டாவது சுற்றில் குதிரையின் தெம்பும் மனசும் வெளியே வந்துவிடும்.

இன்னொரு காரணம் நம்ம ஊர் சம்பந்தப்பட்டது. பெங்களூருவின் குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி வாங்கியது ஈவென்டிங்கில். டிரெஸாஜ் (குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டுவது), திறந்தவெளி நிலத்தில் ஓடும் கிராஸ் கன்ட்ரி தடை ஓட்டம், ஷோ ஜம்பிங் மூன்றும் சேர்ந்தது அது. ஆக்கனில் ஷோ ஜம்பிங்கோடு ஈவென்டிங்கும் டிரெஸாஜும் நடப்பதால் மகளுக்கு மூன்றையும் ஒரே பயணத்தில் காட்டலாம். கடைசி ஞாயிறு விடைபெறும் நேரத்தில் மொத்த அரங்கமும் வெள்ளைக் கைக்குட்டை ஆட்டும். வீடியோவில் பார்க்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிடும்.

கால்கரி? புல் மைதானம், 1976லிருந்து நடக்கும் இடம், போட்டியின் தரத்தில் ஆக்கனுக்கு இளைத்ததல்ல. தூரமும் செலவும்தான் எங்களுக்கு ஒத்துவரவில்லை.

பள்ளிக்கு லீவு எப்படியும் போட்டே ஆக வேண்டும், ஆக்கன் பெரும்பாலும் ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பம். ஞாயிறு டிக்கெட் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, வியாழன் இரவு விளக்கொளியில் நடக்கும் நேஷன்ஸ் கப் என்ற நாடுகளின் அணிப் போட்டியை விடக் கூடாது. நாட்டுக்கு நான்கு பேர், இரண்டு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் மோசமான ஒரு கணக்கு கழிந்துபோகும். நாலாவது ஆள் இறங்கும்போது முன்னால் போன மூவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அந்த முகங்களை மகள் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.