கேட்டதை மட்டும் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல்

தொழிற்சாலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி-களிலிருந்து, ஓபிசி யுஏ என்ற தகவல் பரிமாற்ற நெறிமுறை வழியாக டேட்டா எடுக்கும் கிளையன்ட் மென்பொருள்களை அமைத்துத் தருவது என் வேலை. அவை சர்வரிடம் தங்களை அடையாளம் காட்டத் தேவைப்படும் டிஜிட்டல் சர்டிஃபிகேட்களை எல்லாம் ஓபன்எஸ்எஸ்எல் என்ற கருவியின் கமாண்ட் லைனில்தான் உருவாக்குகிறேன். கேட்டதைச் செய்யும், கேட்க மறந்ததைப் பற்றி வாயே திறக்காது. எனக்கு அதில் பிடித்ததும் இதுதான், என்னைப் பாடாய்ப் படுத்தியதும் இதுதான்.

முதல் சர்டிஃபிகேட்டை ஒரே வரியில் உருவாக்கிவிட்டேன். புது கிளையன்ட் என்பதால் சர்வர் அதை ரிஜெக்டட் ஃபோல்டரில் தள்ளியது. சரி, வழக்கம்தானே என்று டிரஸ்டட் ஃபோல்டருக்கு மாற்றினேன். அப்புறமும் இணைப்பு கிடைக்கவில்லை. சர்வர் லாகில் ‘பேட் சர்டிஃபிகேட் யுஆர்ஐ இன்வேலிட்’ என்று இருந்தது. கிளையன்ட் தன் அப்ளிகேஷன் யுஆர்ஐ (அதன் தனி அடையாள வரி) என்று எதைச் சொல்கிறதோ, அதே வரி ஓர் எழுத்துகூடப் பிசகாமல் சர்டிஃபிகேட்டின் சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம் பகுதியில் இருக்க வேண்டும். நான் அந்தப் பகுதியையே சேர்க்கவில்லை. இணையதளத்துக்கு சர்டிஃபிகேட் போட்டுப் பழகிய கை, ஹோஸ்ட் பெயரோடு நின்றுவிட்டது.

அதைச் சேர்த்தேன், ஓடியது. 31-ஆம் நாள் நின்றது. ‘டேஸ்’ ஆப்ஷனைக் கொடுக்காவிட்டால் ஆயுள் 30 நாள்தான். மேனுவலிலேயே இருக்கிறது, படிக்காதது என் தப்பு.

இப்போது யுஆர்ஐ, கீ யூசேஜ் (சாவியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது), 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி, கையொப்பத்துக்கான ஷா-256 எல்லாவற்றையும் ஒரு கான்ஃபிக் ஃபைலில் எழுதி வைத்திருக்கிறேன். கிளையன்ட்டுக்குக் கிளையன்ட் மாறுவது இரண்டே வரிகள். வெளியீட்டை டெர் என்ற பைனரி வடிவில் கேட்க வேண்டும் என்பதையும் ஸ்கிரிப்ட்டிலேயே போட்டுவிட்டேன். சொல்லாவிட்டால் பெம் என்ற டெக்ஸ்ட் வடிவில்தான் தரும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘செக்எண்ட்’ ஆப்ஷன். 2592000 விநாடி, அதாவது 30 நாள் என்று கொடுத்தால், அதற்குள் காலாவதியாகும் சர்டிஃபிகேட்டுக்கு எக்ஸிட் கோடு (கமாண்ட் முடியும்போது தரும் எண்) 1 வரும். தினமும் இரவில் எல்லா ஃபைல்களையும் இதில் ஓட்டிப் பார்க்கிறேன்.

இரண்டு மூன்று கிளையன்ட்தான் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், கிளையன்ட் மென்பொருளில் சர்டிஃபிகேட் உருவாக்கும் வசதி இருந்தால் அதுவே போதும். இருபதைத் தாண்டினால் இதைப் பழகிக்கொள்வது நல்லது. ஒரு குறை மட்டும் எனக்குத் தீரவில்லை: செல்ஃப்-சைன்டு (தன் சாவியாலேயே கையொப்பமிட்ட) சர்டிஃபிகேட்டைப் புதுப்பித்ததும் ஒவ்வொரு சர்வரிலும் மறுபடி டிரஸ்டட் ஃபோல்டரில் போட வேண்டும். அதை இன்னமும் நான்தான் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்கிறேன்.