கீபாஸ்எக்ஸ்சி: ஆடிட்டர் அலுவலகத்து எக்செல் லிஸ்டுக்கு மாற்று ஆகுமா?

இருநூறு வாடிக்கையாளர் உள்ள ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி., வருமான வரி, டி.டி.எஸ்., இ-வே பில், பி.எஃப். என்று ஆளுக்கு நான்கு வைத்தாலே எண்ணூறு பாஸ்வேர்டு ஆகிறது. பெரும்பாலான இடங்களில் இவை எல்லாம் ஷேர்டு ஃபோல்டரில் உள்ள ஒரே எக்செல் தாளில் இருக்கும். அதன் நகல் இரண்டு மூன்று பேருடைய வாட்ஸ்அப்பிலும் கிடக்கும். அந்தத் தாளை ஒழித்துக்கட்ட விரும்புகிறவர்களுக்கு கீபாஸ்எக்ஸ்சி பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் நல்ல மென்பொருள். இலவசம், ஓப்பன் சோர்ஸ், அலுவலகப் பயன்பாட்டுக்கும் கட்டணம் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே என்கிரிப்ட் செய்த, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத, ஃபைலில் வைக்கிறது. இணையம் இல்லாவிட்டாலும் திறக்கும். ஆனால் ஃபைலைத் திறப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. இந்தக் குறையைப் புரிந்துகொண்டு ஏற்பாடு செய்யும் ஐந்தாறு பேர் அலுவலகத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். அதை விடப் பெரிய இடத்துக்கு வேண்டாம்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. கீபாஸ் என்பது 2003-ல் விண்டோஸுக்காக வந்த மென்பொருள். கீபாஸ்எக்ஸ்சி வேறு குழு எழுதியது. இரண்டுக்கும் ஃபைல் வடிவம் பொது. 2023-ல் கீபாஸ் 2-வது வரிசையில், மொத்த ஃபைலையும் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டின் பெரும்பகுதியை நினைவகத்திலிருந்து மீட்டெடுக்க முடியும் என்ற ஓட்டை வெளியானது, 2.54 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். கீபாஸ்எக்ஸ்சிக்கு அந்தப் பாதிப்பு இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் விளம்பரத்தின் வழியாகப் போலி கீபாஸ் தளம் ஒன்று தீம்பொருளைப் பரப்பியது. எனவே தேடல் முடிவில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். அதிகாரபூர்வத் தளத்தின் முகவரியை டைப் செய்து போங்கள், அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து எடுங்கள்.

புது ஃபைல் உருவாக்கும்போது மென்பொருள் தானாகக் கொடுக்கும் என்கிரிப்ஷன் அமைப்பே போதும். ஃபைல் திறக்க எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று கேட்கும் ஸ்லைடரை ஒரு நொடியில் விடுங்கள். இதை அலுவலகத்திலேயே மெதுவான கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்யுங்கள். வேகமான மெஷினில் ஒரு நொடி என்று அமைத்த ஃபைல், பழைய மெஷினில் ஒவ்வொரு தடவையும் திணறும். பிறகு யாரும் அதை மூடவே மாட்டார்கள்.

மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு மென்பொருளிலேயே சொற்றொடர் உருவாக்கும் கருவி இருக்கிறது. 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து குலுக்கி எடுக்கிறது. ஆறு சொல் எடுத்தால் சுமார் 77 பிட் வலிமை வரும், அதாவது 2-ன் 77-வது அடுக்கு அளவுக்குச் சாத்தியங்கள். தங்கிலீஷில் எழுதினால் எவரும் உடைக்க முடியாது என்று நினைத்து சினிமா வசனத்தையோ சாமி பெயரையோ வைப்பவர்கள் அதிகம். குலுக்காமல் மனிதர் யோசித்து எடுத்த சொல் எந்த மொழியிலும் பலவீனமே. தமிழ் எழுத்தில் மாஸ்டர் வைக்கவும் வேண்டாம். கீபோர்டு அமைப்பு மாறிய ஒரு கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறக்க முடியாமல் போகும்.

கூடுதல் காவலாக, மாஸ்டர் பாஸ்வேர்டோடு சேர்ந்து இரண்டாவது சாவியாக இருக்கும் கீ ஃபைல் ஒன்றையும் சேர்க்கலாம். அதை மென்பொருளையே உருவாக்கச் சொல்லுங்கள். ஏதோ ஒரு புகைப்படத்தைக் கீ ஃபைலாக வைத்துவிட்டு, பின்னர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி மற்றவர் கம்ப்யூட்டரில் இறக்கினால் திறக்காது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது. ஒரு பைட் மாறினாலும் அது வேறு சாவி. பாஸ்வேர்டு ஃபைல் இருக்கும் ஷேர்டு ஃபோல்டரிலேயே கீ ஃபைலையும் வைத்தால் அது இருப்பதில் பயனே இல்லை. ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் தனியாக, உரிமையாளரிடம் பென் டிரைவில் ஒரு நகல் என்று வையுங்கள்.

எக்செலில் இருந்து மாற்றுவது சுலபம், ஆனால் கவனம் வேண்டிய இடம். தாளை எக்செலின் ‘சேவ் ஆஸ்’ பட்டியலில் உள்ள யூ.டி.எஃப்.-8 சி.எஸ்.வி. என்ற எளிய உரை வடிவத்தில் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் வரும். இறக்குமதித் திரையில் எந்த நெடுவரிசை யூசர்நேம், எது பாஸ்வேர்டு என்று பொருத்த வேண்டும். எக்செல் ஏற்கெனவே செய்திருக்கும் சேதத்தை மட்டும் கீபாஸ்எக்ஸ்சி சரிசெய்யாது. 00451 என்ற பின் எண் 451 ஆகியிருக்கும். எண்களுக்கு நடுவே ‘இ’ என்ற ஆங்கில எழுத்து வரும் பாஸ்வேர்டை எக்செல் பெரிய எண்ணாக மாற்றியிருக்கும். சமக்குறியில் தொடங்குவது ஃபார்முலா பிழையாகியிருக்கும். இறக்கியதும் முதல் வேலை இவற்றைத் தேடிப் பார்ப்பது. பிறகு எக்செல் தாள், சி.எஸ்.வி., ரீசைக்கிள் பின், அனுப்பிய மெயில்கள், குரோமில் சேமித்தவை என ஒவ்வொன்றாக அழியுங்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்யாத அலுவலகத்தில் கீபாஸ்எக்ஸ்சி ஃபைல் என்ற பெட்டகமும் இருக்கும், எக்செலும் இருக்கும். திருடுகிறவர் எக்செலைத்தான் எடுப்பார்.

புது பாஸ்வேர்டு உருவாக்கும் கருவி அருமையானது. ஆனால் அது தானாகத் தரும் நீளத்தை நம் அரசுத் தளங்கள் ஏற்காது. ஜி.எஸ்.டி. தளத்தில் 8 முதல் 15 எழுத்து, வருமான வரித் தளத்தில் 8 முதல் 14. ஆகவே 14 என்று அமைத்து, பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி நான்கும் கட்டாயம் வருமாறு டிக் செய்யுங்கள். பாஸ்வேர்டு மாற்றும்போது புதியதை முதலில் பெட்டகத்தில் சேமித்து, பிறகு தளத்தில் ஒட்டுங்கள். நடுவில் தளம் தொங்கிவிட்டால் எது செல்லுபடியாகும் என்று தெரியாது. அப்போது ஒவ்வொரு பதிவிலும் உள்ள வரலாற்றுப் பகுதி பழைய பாஸ்வேர்டை எடுத்துக் கொடுக்கும். 20-ம் தேதி மாலை, ஜி.எஸ்.டி. 3பி படிவம் தாக்கல் செய்யும் நெருக்கடியில், இந்த ஒரு வசதிக்காகவே இதை வைத்திருக்கலாம்.

தளத்தில் பாஸ்வேர்டை நிரப்பித் தரும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. ஆனால் ஆடிட்டர் அலுவலகத்துக்கு அது பொருந்தாது. ஒரே ஜி.எஸ்.டி. முகவரிக்கு இருநூறு பதிவு இருக்கும்போது நீளமான பட்டியல் வந்து நிற்கும். தவறான வாடிக்கையாளரின் கணக்கில் நுழைய வாய்ப்பு அதிகம். ஆட்டோ-டைப் தான் சரியான வழி. பெட்டகத்தில் வாடிக்கையாளர் பெயரைத் தேடி, பதிவைத் தேர்ந்து, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி அழுத்தினால் முந்தைய ஜன்னலில் யூசர்நேம், டேப், பாஸ்வேர்டு, என்டர் என்று தானே டைப் செய்யும். ஜி.எஸ்.டி. பக்கத்தில் கேப்ச்சா இருப்பதால் கடைசி என்டரை நீக்க வேண்டும். இருநூறு பதிவிலும் நீக்க வேண்டியதில்லை. ‘ஜி.எஸ்.டி.’ என்ற குரூப்பின் அமைப்பில் ஒருமுறை மாற்றினால் உள்ளே இருப்பவை எல்லாம் அதைப் பின்பற்றும். வருமான வரித் தளம் பான் எண்ணை ஒரு பக்கத்திலும் பாஸ்வேர்டை அடுத்த பக்கத்திலும் கேட்கிறது. நடுவே ஒரு டிக் வேறு. அங்கே கன்ட்ரோல் + பி, கன்ட்ரோல் + சி என்று தனித்தனியாக நகலெடுங்கள். நகலெடுத்த பாஸ்வேர்டு 10 நொடியில் கிளிப்போர்டிலிருந்து அழிந்துவிடும். அதுவும் நல்ல ஏற்பாடு.

ஆட்டோ-டைப் வேலை செய்யவில்லை என்று வரும் புகாருக்குப் பெரும்பாலும் காரணம் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமைதான். சாதாரண உரிமையில் ஓடும் மென்பொருள், அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும் ஜன்னலில் டைப் செய்ய விண்டோஸ் விடாது. டிஜிட்டல் கையொப்பத்துக்கான எம்சைனர் போன்றவற்றைப் பலர் அப்படித்தான் திறக்கிறார்கள். கீபாஸ்எக்ஸ்சியையும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுவது தவறான வைத்தியம். அந்த ஒரு ஜன்னலுக்குக் கையால் டைப் செய்யுங்கள். அதேபோல் தொலைவிலிருந்து திரையைப் பார்க்க உதவும் எனிடெஸ்கில் உதவி கேட்கும்போது பெட்டகத்தின் ஜன்னல் எதிர்முனையில் தெரியாது. அது கோளாறு இல்லை. திரையைப் படம்பிடிப்பதை மென்பொருளே தடுக்கிறது. அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி உரிமைப் பங்கீடு. ஃபைலைத் திறந்தவருக்கு உள்ளே எல்லாமே தெரியும். யார் எதைப் பார்த்தார் என்ற பதிவும் கிடையாது. எனவே ஒரே ஃபைல் போதாது, மூன்று வேண்டும். வாடிக்கையாளர் தளங்கள் ஒன்றில். இது ஊழியர் எல்லோருக்கும். வங்கி, அலுவலக மெயிலின் நிர்வாகக் கணக்கு, இணையதள டொமைன் ஆகியவை இரண்டாவதில். இது உரிமையாளருக்கு மட்டும். கம்ப்யூட்டர்களின் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு, ரவுட்டர், கேமரா டி.வி.ஆர்., பேக்கப் டிஸ்க் ஆகியவை மூன்றாவதில். இது உரிமையாளருக்கும் பொறுப்பான இன்னொருவருக்கும். மூன்றுக்கும் மாஸ்டர் வேறு வேறு.

மூன்றாவது ஃபைலுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் ஊழியர் யாரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் உட்காரக் கூடாது. கடையில் விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் உருவாக்கிய முதல் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர். அதையே எல்லோரும் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். புதிதாக ஓர் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை உருவாக்கி, அதில் ஒருமுறை நுழைந்து சரிபார்த்துவிட்டு, அதன் பிறகே ஊழியரின் கணக்கை ஸ்டாண்டர்டு என்ற சாதாரண உரிமைக் கணக்கு ஆக்குங்கள். வரிசை மாறினால் அட்மினிஸ்ட்ரேட்டரே இல்லாத கம்ப்யூட்டர் மிஞ்சும். ஸ்டாண்டர்டு ஆக்கியதும் ஏதாவது ஒரு பழைய கணக்கு மென்பொருள் நின்றுபோகும். தன் சொந்த ஃபோல்டரில் எழுத முடியாததே காரணம். அந்த ஃபோல்டருக்கு மட்டும் மாற்றும் அனுமதி கொடுத்தால் போதும். ஊழியரை மறுபடி அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு மெஷினுக்கும் இந்தப் பாஸ்வேர்டு வேறாக இருக்க வேண்டும். ஒரே பாஸ்வேர்டு என்றால் ஒரு மெஷினில் நுழைந்த ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீம்பொருள்) மற்ற எல்லாவற்றுக்கும் அதையே கொண்டு போகும். விண்டோஸில் லேப்ஸ் என்ற வசதி 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து உள்ளேயே வருகிறது. அது இந்தப் பாஸ்வேர்டுகளைத் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் மைய சர்வர் நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனிலோ, மைக்ரோசாஃப்டின் கிளவுட் கணக்குச் சேவையான என்ட்ராவிலோ இணைந்த மெஷின்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். மைய நிர்வாகம் இல்லாத வெறும் வொர்க்குரூப்பில் ஓடும் அலுவலகம் கையால்தான் மாற்ற வேண்டும்: மெஷினுக்கு ஒரு பதிவு, தலைப்பில் சீரியல் எண், வெளி டெக்னீஷியன் வந்துபோன அன்றே புது பாஸ்வேர்டு. இவற்றைச் சொற்றொடராகவே வையுங்கள். விண்டோஸ் அனுமதி கேட்டுத் திரையை மங்கலாக்கும் நேரத்தில் ஆட்டோ-டைப் எட்டாது. பார்த்துப் பார்த்துக் கையால் அடிக்க வேண்டும். குறிகள் நிறைந்த இருபது எழுத்து அங்கே நரகம்.

டிஸ்கை என்கிரிப்ட் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணும் இதே ஃபைலில் இருக்கட்டும். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல மெஷின்களில் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே தொடங்கிவிடுகிறது. மீட்பு எண் அந்தக் கணக்குக்குப் போகிறது. அது டெக்னீஷியனின் சொந்த மெயிலாக இருந்தால், மதர்போர்டு மாற்றும் நாளில் அவரைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் பின் எண்ணையும் பதிவில் சேருங்கள். தவறான பின்னைத் திரும்பத் திரும்ப அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். திறக்க முடியாமல் அதை இனிஷியலைஸ் செய்தால் உள்ளிருக்கும் சான்றிதழ் அழியும். புதிதாக வாங்க வேண்டியதுதான்.

அலுவலக நெட்வொர்க்கின் ஷேர்டு ஃபோல்டரில் வைத்துப் பலர் திறந்தாலும் கீபாஸ்எக்ஸ்சி ஓரளவு சமாளிக்கிறது. வேறொருவர் சேமித்ததைக் கண்டுகொண்டு மறுபடி படிக்கும்; உங்கள் மாற்றம் சேமிக்கப்படாமல் இருந்தால் இணைக்கவா என்று கேட்கும். இணைக்கச் சொல்லுங்கள். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் வழியாகப் பகிர்ந்தால் தகராறு அதிகம்: ஒரே பெயரில் இரண்டு நகல் முளைக்கும், பாதிப் பதிவு ஒன்றில், மீதி இன்னொன்றில். அமைப்பில் உள்ள மாற்று சேமிப்பு முறை கொஞ்சம் உதவும். ஐந்தாறு பேருக்கு மேல் என்றால், அல்லது வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இருந்தால், பிட்வார்டன் என்ற இணையவழி பாஸ்வேர்டு சேவையின், நிறுவனங்களுக்கான கட்டணத் திட்டத்துக்குப் போங்கள். அங்கே ஆளுக்கு ஒரு கணக்கு, பிரிவுவாரி அனுமதி, யார் எப்போது திறந்தார் என்ற பதிவு எல்லாம் உண்டு. பெட்டகம் வெளி சர்வரில் இருக்கிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற இதேபோன்ற சேவையிடமிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின் பேக்கப்பே திருடுபோனது. அப்படி நடந்தால் காப்பாற்றுவது வலுவான மாஸ்டர் மட்டும்தான்.

ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது மாஸ்டரை மாற்றினால் போதும் என்று நினைப்பது ஆபத்து. அவர் எடுத்துப்போன நகல் பழைய மாஸ்டரில் என்றும் திறக்கும். உள்ளிருக்கும் பாஸ்வேர்டுகளைத்தான் மாற்ற வேண்டும். மெயிலில் தொடங்குங்கள், ஏனென்றால் மற்றவற்றை ரீசெட் செய்யும் வழி அங்கேதான் இருக்கிறது. அடுத்து வங்கி, பிறகு அவர் கவனித்த வாடிக்கையாளர்கள். இதனால்தான் வாடிக்கையாளர் ஃபைலையும் ஊழியர்வாரியாகப் பிரித்து வைப்பது நல்லது. கீஷேர் என்ற வசதி ஒரு குரூப்பை மட்டும் தனி ஃபைலாகப் பகிர உதவும்.

மாஸ்டர் மறந்தால் மீட்க வழியே இல்லை; ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ பட்டன் கிடையாது. தாளில் எழுதி ஒட்டிய உறையில் ஒன்று லாக்கரிலும் ஒன்று உரிமையாளர் வீட்டிலும் இருக்க வேண்டும். ஷேர்டு ஃபோல்டரை ரான்சம்வேர் பிடித்தால் பெட்டக ஃபைலும் போகும். எனவே வாரம் ஒருமுறை கழற்றி வைக்கும் டிஸ்கில் நகல் எடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உரிமையாளர் அல்லாத இரண்டாவது பொறுப்பாளர் அந்த நகலை, உறையில் உள்ள தாளையும் பென் டிரைவில் உள்ள கீ ஃபைலையும் மட்டும் வைத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கட்டும். அன்றைக்கே மென்பொருளின் புதிய பதிப்பையும் எல்லா மெஷினிலும் போட்டுவிடுங்கள். தளத்திலிருந்து இறக்கி நிறுவிய கீபாஸ்எக்ஸ்சி தானாக அப்டேட் ஆகாது; ஸ்டாண்டர்டு கணக்கில் இருக்கும் ஊழியராலும் அதைச் செய்ய முடியாது.