தமிழ்99, யூனிகோடு: காரைக்குடிக் கடையில் நெடுநாள் பழகிய அனுபவம்

திருமணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சாந்திக் கல்யாண அழைப்பு என்று தமிழில் தட்டச்சு செய்துதான் எங்கள் கடை ஓடுகிறது. பாமினி என்ற பழைய எழுத்துருவை விட்டு, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறைக்கும் தமிழ்99 விசைப்பலகைக்கும் மாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

பாமினியில் கணினிக்குள் இருந்தது ஆங்கில எழுத்தின் எண்தான். திரையில் மட்டும் தமிழ் உருவம் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்பது நான்கு ஆங்கில எழுத்தும் நடுவே ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். பழைய பத்திரிகைக் கோப்புகள் பாதி இப்படித்தான் கிடக்கின்றன.

யூனிகோடில் 1991 முதலே தமிழுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. ககரத்துக்கு ஓர் எண், துணைக்காலுக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண். 'செட்டிநாடு' நம் கண்ணுக்கு 5 எழுத்து, கணினிக்கு 10 குறி. பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டினால் 'டு' முழுசாகப் போகாமல் உகரம் மட்டும் கழன்று 'ட' நிற்பது இதனால்தான். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது திருத்த அதுவே வசதி.

தமிழ்99 விசை அமைப்பை 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரமாக அறிவித்தது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. 'பட்டு' அடிக்க ப, ட, ட, உ போதும், புள்ளி தானாக விழும். ந்த, ங்க, ண்ட எல்லாம் அப்படியே. 'மமதை' மாதிரி சொல்லில் மட்டும் நடுவே அகரத்தைத் தட்டி அதைத் தடுக்க வேண்டும். கை பழகிய பிறகு இதை விட வேகமான முறை எனக்குத் தெரியவில்லை.

கடையில் வேலை பார்க்கும் அக்கா இன்றும் டைப்ரைட்டர் முறைதான். "தம்பி, என் கைக்கு இதுதான் வரும்" என்பார். வரட்டுமே! அவர் அடித்ததையும் நான் அடித்ததையும் ஒரே கோப்பில் ஒட்டினால் வித்தியாசமே தெரியாது. சிங்கப்பூரிலிருந்து ஒரு ஆச்சி போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்கி அனுப்பும் பெயர்களும் அப்படியே பத்திரிகையில் ஏறுகின்றன. விசை எதுவானாலும் உள்ளே போய்ச் சேரும் எண் ஒன்று. யூனிகோடில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

குறையும் உண்டு. குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கும் மென்பொருளில் மொய்ப் பட்டியலை அகர வரிசையாக்கினால் முருகனுக்கு முன்னால் முனியாண்டி வந்து நிற்பார். யூனிகோடு கட்டத்தில் னகரம் நகரத்துக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி. மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றினால் சில மென்பொருள்களில் சரியாகிவிடும், எல்லாவற்றிலும் இல்லை.

அப்புறம் பழைய பேரேடுகள். "எங்க ஐயா பர்மாவில எழுதின கணக்கு, அப்படியே அடிச்சுத் தாங்க" என்று கொண்டு வருவார்கள். பத்து, நூறு, ஆயிரத்தைக் குறிக்கும் ௰, ௱, ௲ பிரச்சினை இல்லை. மாகாணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் 2019இல்தான் யூனிகோடில் சேர்ந்தன. எண் கிடைத்துவிட்டது, ஆனால் என் விசைப்பலகையில் அவற்றுக்கு விசை இல்லை, கடையில் உள்ள எழுத்துருக்களில் உருவமும் இல்லை. அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து படமாக வைத்துக் கொடுக்கிறேன். கூலியும் ஸ்கேனுக்கு மட்டும்தான்.