ரிமோட்டின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

என்னிடம் ஒரு சிவப்பு க்ராலர் வண்டி (மேடுபள்ளத்தில் ஏறும் ரிமோட் பொம்மை கார்) இருக்கிறது. அதோடு வந்த ரிமோட்டின் ஸ்டியரிங் சக்கரம் தேய்ந்து ஆட்டம் கண்டுவிட்டதால் புது செட் (ரிமோட்டும், வண்டிக்குள் வைக்கும் ரிசீவரும்) தேடினேன். இன்ஸ்டாகிராமில் ஒரு விற்பனையாளர் மாட்டினார். சரியாகச் சொன்னால் நான்தான் அவரிடம் மாட்டினேன். "2.4 தான் சார், லாங் ரேஞ்ச், ரெண்டு கிலோமீட்டர் அடிக்கும். கவர்மென்ட் அப்ரூவ்டு" என்று வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்பினார். 2.4 என்றால் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசை. விலை 8,600 ரூபாய். தரையில் ஓடுகிற வண்டி நூறு மீட்டர் தாண்டினாலே கண்ணுக்குத் தெரியாது, இதற்கு எதற்கு ரெண்டு கிலோமீட்டர் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் நாள் கொள்ளிடம் மணலில் ஓட்டினேன். நன்றாகத்தான் ஓடியது, அதை மறைக்க மாட்டேன். வண்டி மணல்மேட்டில் ஏறி நிற்பதைப் படம் எடுத்து, "சூப்பர்ண்ணே" என்று அவருக்கே அனுப்பியும் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு, ஆர்சி (ரிமோட்) விமானம் ஓட்டும் நண்பர் ஒருவர் கூட வந்திருந்தார். பேட்டரி மாற்ற வண்டியின் மூடியைக் கழற்றியதும், "ரிசீவர் வால் ஏன்டா இவ்வளவு நீளம்?" என்று கேட்டார். 2.4 கிகா ஹெர்ட்ஸ் ரிசீவரில் ஆன்டெனா வயர் எவ்வளவு நீளம் இருந்தாலும், நுனியில் உறை உரித்து விட்டிருக்கும் பகுதி ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். அலைநீளத்தில் கால் பங்கு என்பது கணக்கு; அலைவரிசை குறைந்தால் இது நீளும். என்னுடையதில் அது 8 சென்டிமீட்டர். அப்புறம் ரிமோட்டைத் திருப்பினார். அடியில் பளபளவென்று '2.4ஜி' ஸ்டிக்கர். கை வியர்வை பட்டு அதன் ஒரு ஓரம் எழும்பியிருந்தது. நகத்தால் சுரண்டினார். கீழே அச்சடித்திருந்தது: 902–928 மெகா ஹெர்ட்ஸ்.

"முதல்ல அதை ஆஃப் பண்ணு" என்றார்.

902 முதல் 928 வரையிலான அலைவரிசை அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் முத்திரைகூட அந்த ரிமோட்டில் இருந்தது. ஆனால் அந்த முத்திரைக்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை. நம் நாட்டில் 890 முதல் 915 வரை, செல்போன்கள் டவரோடு பேசுவதற்கான பாதை. நிறுவனங்கள் ஏலத்தில் பணம் கட்டி எடுத்தது. நான் மணலில் பொம்மை வண்டி ஓட்டிக்கொண்டு அதற்குள் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். இங்கே உரிமம் வேண்டாம் என்று 2005 முதலே திறந்துவிட்டது 2.4 கிகா ஹெர்ட்ஸ். 2400 முதல் 2483.5 மெகா ஹெர்ட்ஸ் வரை. வண்டிக்கும் படகுக்கும் அது தாராளம். நீண்ட தூரம் விமானம் ஓட்டுபவர்கள் 865–867 மெகா ஹெர்ட்ஸ் பக்கம் போவார்கள், அதற்கும் இங்கே உரிமம் வேண்டாம். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற நீண்டதூர ரிமோட் முறையைப் போட்டவர்கள் ஃபர்ம்வேரில் (கருவிக்குள் இருக்கும் மென்பொருளில்) இந்தியாவுக்கான 'ஐஎன்866' தேர்வு செய்வது அதற்காகத்தான். என்னுடையது பெயர் தெரியாத செட், ஃபர்ம்வேர் மாற்றவும் வழியில்லை.

அலைவரிசை சரியாக இருந்தால் மட்டும் போதாது. கருவிக்கு, மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசி கொடுக்கும் ஈடிஏ (கருவி வகை ஒப்புதல்) சான்றும் இருக்க வேண்டும். விற்பனையாளரிடம் அதைக் கேட்டேன். உடனே ஒரு எண் வந்தது. எண் வேண்டாம், சான்றிதழ் நகலை அனுப்புங்கள் என்றேன். அதில் கருவியின் பெயர், மாடல், அலைவரிசை எல்லாம் இருக்கும். இரண்டு நாள் கழித்து வந்த பிடிஎஃப்பைத் திறந்தால், அது ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரின் சான்று!

"சார், உள்ள இருக்கற சிப் ஒண்ணுதான், மாடல் பேர் மட்டும் மாறும்" என்றார்.

ஸ்பீக்கரை வைத்து வண்டி ஓட்ட முடியுமா அண்ணே என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், ஸ்டிக்கரையும் கிழித்துவிட்டீர்கள், ரிட்டர்ன் எடுக்க முடியாது என்றார். ஸ்டிக்கரைக் கிழித்ததாம்! அப்புறம் பாதிப் பணம் தருகிறேன் என்று இறங்கி வந்தார், அதுவும் அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளும்படி.

1915-க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவு செய்திருக்கிறேன். குரல் செய்தி, பணம் அனுப்பிய ரசீது, ஸ்டிக்கர் உரிவதை நண்பர் எடுத்த வீடியோ எல்லாம் கொடுத்தாயிற்று. அதனால் வாங்கியவர்கள் யாரும் அரட்டையை அழித்துவிடாதீர்கள். இணையத்தில் வாக்கி டாக்கி விற்பனை சம்பந்தமாக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ்கள் அனுப்பியது, வானொலிக் கருவிகள் விற்பதற்கென வழிகாட்டு நெறிமுறையும் வந்தது. பெரிய தளங்களில் இனி கொஞ்சம் கட்டுப்பாடு இருக்கலாம். இன்ஸ்டாகிராமில் தனியாளாக விற்பவரை யார் தேடிப் பிடிப்பது?

இப்போதைக்கு ஒரு சாதாரண 2.4 செட் வாங்கி ஓட்டுகிறேன். வாங்குவதற்கு முன் ரிமோட்டின் அடிப்பக்கத்தையும், ரிசீவர் வயரின் நுனி அருகில் ஸ்கேல் வைத்தும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அந்தக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே அனுப்பினார்.

பழைய ஆளின் பக்கத்தில் அதே செட் இன்னும் விற்பனையில் இருக்கிறது. 'வாடிக்கையாளர் அனுப்பியது' என்று ஒரு படமும் போட்டிருக்கிறார்: மணல்மேட்டில் ஏறி நிற்கும் சிவப்பு க்ராலர், கீழே "சூப்பர்ண்ணே". அது என் வண்டி. எடுக்கச் சொல்லி நான்கு முறை எழுதிவிட்டேன். அதை நம்பி யாரும் வாங்க வேண்டாம்.